எம்-1 அரியர் எங்கே தொடங்குகிறது: உயர்கல்வித் துறைக்கும் பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உயர்கல்வித் துறைச் செயலாளர், தொழில்நுட்பக் கல்வி இயக்கக அதிகாரிகள், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி முதல்வர்கள், முதலாண்டு ஒருங்கிணைப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதலாண்டுப் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதமும் இயற்பியலும் எடுக்கும் ஆசிரியர்கள் நாங்கள். மாணவர்கள் எம்-1 என்று சொல்லும் முதல் பருவக் கணிதத் தாளில் யார் அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள்) வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள், அதில் எவ்வளவைத் தடுக்க முடியும் என்பதுதான் இந்த மடலின் பொருள். அந்த ஒரு தாளோடு விஷயம் முடிவதில்லை. முதல் பருவத்தில் இரண்டு மூன்று தாள் விட்டவர் அடுத்த பருவத்தில் அந்தப் பருவப் பாடங்களோடு விட்டதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரிசல்ட் வெளியாகும்போது இரண்டாம் பருவம் கணிசமாக ஓடியிருக்கும். விடைத்தாள் நகல் வாங்கி, மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்து, அதன் முடிவு வருவதற்குள் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் நாள் வந்துவிடும். ஏழாம் பருவத்தில் பிளேஸ்மென்டுக்கு வரும் நிறுவனங்கள் ஸ்டேண்டிங் அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை. சில நிறுவனங்கள் முடித்துவிட்ட பழைய அரியரையும் கேட்கின்றன.

அரியர் வந்த பிறகு நடத்தும் கோச்சிங் வகுப்புகளை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அவை நேரம் தப்பிய வைத்தியம். முதல் பருவத்தின் முதல் பத்து வாரங்களில் செய்ய வேண்டியவற்றைச் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்த வகுப்பே தேவைப்படாது. செலவும் அதிகமில்லை.

முதலில் மதிப்பெண் கணக்கு. 2021 ஒழுங்குமுறையை எடுத்துக்கொள்வோம். தியரி தாளுக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் 40, பருவத் தேர்வு 60. மொத்தத்தில் 50 வேண்டும், பருவத் தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலுக்கு இரண்டு மதிப்பீடுகள், ஒவ்வொன்றும் 100-க்கு. அதில் 40 அசைன்மென்ட், செமினார் போன்றவற்றுக்கு, 60 எழுத்துத் தேர்வுக்கு. ஒரு மாணவர் அசைன்மென்டைப் பக்கத்து நண்பரிடம் வாங்கி அப்படியே எழுதி 35 வாங்கிவிடுகிறார். எழுத்துத் தேர்வில் 10. மொத்தம் 45. இரண்டு மதிப்பீட்டிலும் இதே கதை என்றால் இன்டர்னல் 40-க்கு 18. இனி இவர் தேற வேண்டுமென்றால் பருவத் தேர்வில் 60-க்கு 32, அதாவது நூற்றுக்கு 54 எடுத்தாக வேண்டும். வகுப்புத் தேர்வில் 60-க்கு 10 எடுத்தவர் 54 எடுப்பார் என்று எதிர்பார்க்கிறோம். அவரோ 45 போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், ஏனென்றால் யாரும் அவரை உட்கார வைத்து இந்தக் கூட்டலைப் போட்டுக் காட்டவில்லை. தவறிவிட்டால் அந்த 18 அடுத்த முறை எழுதும்போதும் கூடவே வரும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை மிகச் சிறியது. முதல் மதிப்பீடு முடிந்த ஐந்து வேலை நாளில் விடைத்தாள் மாணவர் கைக்குப் போக வேண்டும். அதன் மேல் "இன்றைய நிலையில் பருவத் தேர்வில் உனக்குத் தேவை இவ்வளவு" என்ற ஓர் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். பல கல்லூரிகளில் முதல் தேர்வின் தாள் இரண்டாம் தேர்வுக்கு முந்தின நாள்தான் கைக்கு வருகிறது. ஆய்வுக் குழு வரும்போது காட்டக் கட்டு கட்டி வைத்துவிடுவதால் சில இடங்களில் அதுவும் வருவதில்லை.

தாள் திரும்பி வருவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்கை வைத்தே காட்டலாம். ஓர் அணி (மேட்ரிக்ஸ்). அதன் முதல் வரிசை 8, −6, 2. இரண்டாவது −6, 7, −4. மூன்றாவது 2, −4, 3. ஐகன் மதிப்புகளையும் ஐகன் வெக்டார்களையும் காண வேண்டும். 16 மதிப்பெண், தமிழ்நாட்டில் எம்-1 படித்த யாருக்கும் இது பழகிய முகம். மூலைவிட்ட உறுப்புகளின் கூடுதல் 18. அடுத்து மூன்று சிற்றணிக்கோவைகள்: 21−16 = 5, 24−4 = 20, 56−36 = 20. கூட்டினால் 45. அணிக்கோவையின் மதிப்பு 0. ஐகன் மதிப்புகள் 0, 3, 15. மாணவர் சறுக்குவது அந்த முதல் சிற்றணிக்கோவையில். (−4)×(−4) என்பதை −16 என்று எடுத்து, 21-இலிருந்து கழிக்கும்போது 37 ஆக்கிவிடுகிறார். கூடுதல் 45-க்குப் பதில் 77. விபரீதம் என்னவென்றால், இந்தத் தப்பான சமன்பாடும் அழகாகக் காரணிப்படுகிறது: 0, 7, 11. முழு எண்கள் வந்ததும் சரியாகப் போட்டுவிட்டோம் என்ற தெம்பில் வெக்டாருக்குப் போகிறார். மேல் இரண்டு வரிசைகளை வைத்துக் குறுக்குப் பெருக்கல் செய்தால் 7-க்கும் ஏதோ ஒரு வெக்டார் வரத்தான் செய்யும். அதை மூன்றாவது வரிசையில் போட்டுப் பார்த்தால் பூஜ்யம் வராது, குட்டு உடைந்துவிடும். போட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லை. அரை மணி நேரமும் மதிப்பெண்ணில் பெரும்பகுதியும் போகின்றன. அவருக்கு ஐகன் மதிப்பு தெரியாமலில்லை, ஏழாம் வகுப்புக் குறி விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது, அவ்வளவுதான். தாளைப் பார்க்காவிட்டால் "எனக்கு மேட்ரிக்ஸ் வராது" என்ற முடிவுக்குத்தான் வருவார். அதற்குப் பிறகு அந்த யூனிட்டைத் தொடமாட்டார்.

ஓட்டைகள் பெரும்பாலும் கீழே இருப்பதால்தான் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒரு கண்டறி தேர்வு வைக்கச் சொல்கிறோம். 20 சிறு கேள்விகள், 40 நிமிடம், கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும். குறி விதிக்கு 3, பின்னக் கூட்டலுக்கு 2, இருபடிக் கோவையைக் காரணிப்படுத்த 3, அடுக்கு, மடக்கைக்கு 3, முக்கோணவியல் மதிப்புகளுக்கு 3, வகையிடலுக்கு 3, தொகையிடலுக்கு 3. கால்குலேட்டர் கூடாது. இந்த மதிப்பெண் இன்டர்னலில் சேரக் கூடாது, பெற்றோருக்குப் போகக் கூடாது, பலகையிலும் ஒட்டக் கூடாது. ஒட்டினால் அடுத்த ஆண்டு மாணவர்கள் பார்த்தெழுதுவார்கள், தேர்வு வைத்த நோக்கமே போய்விடும். மொத்த மதிப்பெண்ணைவிட எந்தப் பகுதியில் விழுந்திருக்கிறார் என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அதை வைத்துக்கொண்டு, பள்ளிப் பாடத்தில் விட்டதை நிரப்பும் பிரிட்ஜ் வகுப்பு நடத்த நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நேரம் ஏற்கெனவே இருக்கிறது. முதலாண்டுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் (ஏஐசிடிஇ) விதி. அந்த மூன்று வாரத்தில் தொடக்க விழா, பொன்னாடை, ஊக்கப் பேச்சாளர்கள், பிளேஸ்மென்ட் பெருமை, துறை துறையாக ஆய்வகச் சுற்று என்று நாள் கழிகிறது. ஊக்கப் பேச்சாளர் மேல் எங்களுக்குக் கோபமில்லை, மூன்று பேர் வருகிற இடத்தில் ஒருவர் வந்தால் போதும். நாளுக்கு இரண்டு மணி நேரம் கணிதத்துக்கு ஒதுக்கினால் 15 வேலை நாளில் 30 மணி நேரம் கிடைக்கும். அதில் இயற்கணிதம் 6, முக்கோணவியல் 4, வகையிடல் 10, தொகையிடல் 10. கண்டறி தேர்வில் நன்றாகச் செய்தவர்களை இந்த வகுப்பில் உட்கார வைத்துச் சலிப்பேற்ற வேண்டாம். அவர்கள் அந்த நேரத்தில் பைதான் ஆய்வகத்துக்குப் போகட்டும். வீட்டில் கணினியே இல்லாத பிள்ளைகளுக்கு இன்னொரு வேளையில் அதே ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். விசைப்பலகையில் அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று தேடுகிறவரும் பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியவரும் ஒரே மணி நேரத்தில் ஒரே பயிற்சியை முடிக்க வேண்டியிருக்கிறது.

பொதுக் கலந்தாய்வு முடிந்தபின் மிஞ்சிய இடங்களுக்கு நடக்கும் துணைக் கலந்தாய்வில் வருகிறவர்களை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து சேரும்போது முதல் யூனிட் முடிந்திருக்கும், சில இடங்களில் முதல் தேர்வின் தேதியே அறிவிக்கப்பட்டிருக்கும். "நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் உதவி. அந்த 30 மணி நேரத்தை இவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் மறுபடி நடத்த வேண்டும். முதல் மதிப்பீட்டை இவர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் தள்ளி வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தொகையிடலுக்கு 10 மணி நேரமா, அது பள்ளியில் படித்ததுதானே என்று சிலர் கேட்கக்கூடும். எல்லை, வகையிடல், தொகையிடலின் அடிப்படை மூன்றும் இருப்பது பதினோராம் வகுப்புப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில். பன்னிரண்டாம் வகுப்பில் அவற்றின் பயன்பாடுகள்தான் வருகின்றன. ஆனால் பொறியியல் கட் ஆஃப் முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து வருகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. அதனால் பதினோராம் வகுப்பில் பாதியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் பள்ளிகள் எத்தனையோ. இதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு வந்தது. சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வராது என்று 2018-இல் ஆனதும் அதன் பிடி பாதி தளர்ந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, 2025-26 முதல் பிளஸ் 1 பொதுத்தேர்வே இல்லை என்றாகிவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைகள் மேல் ஏறிய சுமை குறைந்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அதன் கணக்கை யாராவது போட்டாக வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பிறகு பொதுத்தேர்வு இல்லாமல் பிளஸ் 1 முடிக்கும் முதல் தொகுதி மாணவர்கள் 2027-இல் முதலாண்டுக்கு வருகிறார்கள். வகையிடலை ஒழுங்காகப் பார்க்காமல் வருகிறவர்கள் அப்போது கூடுவார்கள் என்றே எதிர்பார்க்கிறோம். எம்-1 பாடத்திட்டமோ வகையிடலிலிருந்து ஒரே தாவாகப் பல மாறிச் சார்புகளுக்கும் பன்மடங்குத் தொகையிடலுக்கும் போகிறது.

பள்ளியில் கற்ற ஒரு தந்திரம் கல்லூரியிலும் தொடர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தாளில் 90-க்கு 20 மதிப்பெண் ஒரு மதிப்பெண் வினாக்கள். புத்தகத்தின் பின்பக்கப் பயிற்சியை உருப்போட்டால் அதில் பெரும்பகுதி வந்துவிடும், மீதிக்குப் பிடித்த சில பாடங்கள் போதும். கல்லூரிக்கு வந்ததும் அதே ஆள் "இம்பார்டன்ட் கொஸ்டின்ஸ்" பிடிஎஃப்பைத் தேடுகிறார். 2021 ஒழுங்குமுறையின் தேர்வு அமைப்பும் அதற்கு இடம் கொடுக்கிறது. பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள் 20, ஐந்து யூனிட்டுக்கும் ஆளுக்கொரு 16 மதிப்பெண் என்று 80. அணிகள் யூனிட்டில் 16, வகையிடலில் 16, இரண்டு மதிப்பெண்ணில் ஒரு 14 கிடைத்தால் 46 வந்துவிடுகிறது. இன்டர்னல் ஓரளவு நன்றாக இருந்தால் அது போதும். "இரண்டு யூனிட் படி, பாஸ்" என்று சொல்லிக்கொடுப்பது ஆசிரியர்களாகிய நாங்களும்தான். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டு மேலிருந்து வரும் நெருக்கடியில் அதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. ஆனால் விட்டுவிட்ட தொகையிடல் யூனிட் பிறகு வட்டியோடு வருகிறது. சிவில் மாணவருக்கு உத்திரத்தின் தொய்வைக் காண இரட்டைத் தொகையிடல் முறை வேண்டும். ஈசிஇ (மின்னணு, தொடர்பியல்) மாணவருக்குச் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் தாளில் பக்கத்துக்குப் பக்கம் தொகையிடல். எம்-1 பாஸ், மூன்றாம் பருவத்தில் மூன்று அரியர் என்று ஒரு மாணவர் வந்து நின்றால், பெரும்பாலும் அவர் இந்த வழியாக வந்தவர். டிப்ளமா முடித்து நேரே மூன்றாம் பருவத்தில் சேரும் லேட்டரல் என்ட்ரி மாணவர்களின் சிக்கல் இதனினும் கடினம். அதற்குத் தனியாக ஒரு மடலே வேண்டும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குப் பாடத்தைவிட வேகம்தான் பெரிய தடை. ஆசிரியர் சொன்ன சொல் தனக்குத் தெரிந்த "பகுதி வகைக்கெழு"தான் என்று பிடிபடுவதற்குள் பலகை அழிக்கப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு யூனிட்டின் தொடக்கத்திலும் 25 சொற்களை இரு மொழியிலும் ஒரே பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் இது சரியாகிவிடும். இதைப் பெரிய பிரச்சினையாக்கி, "தமிழ் மீடியம் பிள்ளைகள் தேறமாட்டார்கள்" என்று ஆசிரியர் அறையில் பேசுவதை முதல்வர்கள் நிறுத்தினால் போதும். பலருக்குக் குறி விதியும் பின்னமும் நன்றாகவே இருக்கின்றன.

அடுத்தது வருகைப்பதிவு. 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மணிக்கணக்கில் கணக்கிடும்போது என்ன ஆகிறது என்பது பலருக்குத் தெரியாது. நாளுக்கு 7 பீரியட், பருவத்துக்கு 90 நாள் என்றால் மொத்தம் 630. தேவை 473. ஒழுங்காக வருகிறவர் 22 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். ஊரிலிருந்து வரும் ஒரே டவுன் பஸ் ஒன்பதரைக்குத்தான் கல்லூரி வாசலுக்கு வருகிறது, அதனால் தினமும் முதல் பீரியட் போகிறது என்றால், அதே மாணவிக்கு மிஞ்சுவது 11 நாள். ஒரு வாரம் டெங்கு காய்ச்சல் வந்தால் அதில் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். இதைவிட மோசம், அந்த முதல் பீரியட் வாரத்தில் நான்கு நாள் கணிதமாக இருப்பது. காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு போட்ட டைம்டேபிள்தான் அது. கணிதத்தை இரண்டாவது, மூன்றாவது பீரியடுக்கு மாற்றுங்கள். பஸ் நேரத்தை மாற்றப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு எழுத வேண்டியது கல்லூரி. கிளை மேலாளரிடம் ஒரு மாணவியின் மனு எடுபடாது.

பணம். அரசு செய்திருப்பது சிறிய உதவியில்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அவர்களுடைய கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண், மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய். முதல் பட்டதாரிச் சலுகை, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைகள் தனி. சிக்கல் பணம் ஒதுக்குவதில் இல்லை, கணக்குக்குப் போய்ச் சேருவதில்தான். பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு இரண்டு ஆண்டு கொடுக்கல் வாங்கல் இல்லாமல் முடங்கியிருக்கும். ஆதாரை வங்கியில் கொடுத்தாயிற்று என்று மாணவர் நினைப்பார். அடையாளச் சரிபார்ப்புக்காக (கேஒய்சி) கொடுத்தது வேறு, எந்த ஆதாருக்கு எந்தக் கணக்கில் அரசுப் பணம் போக வேண்டும் என்று காட்டும் என்பிசிஐ பட்டியலில் கணக்கு ஏறுவது வேறு. ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான் அங்கே நிற்கும், கடைசியாகச் சேர்த்த கணக்குக்குத்தான் பணம் போகும். அம்மா சுயஉதவிக் குழுக் கடனுக்காக வேறொரு வங்கியில் மகள் பெயரில் திறந்த கணக்குக்கு உதவித்தொகை போய்க்கொண்டிருக்க, மகள் கல்லூரி அலுவலகத்தில் "வரவில்லை" என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பார். இன்னொரு பக்கம், உயர்கல்வி மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் யூஎம்ஐஎஸ் தளப் பதிவில் பெயரின் தலைப்பெழுத்து ஆதாரோடு பொருந்தாமல் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

இதற்கு வேண்டியது ஒரே நாள் முகாம். சேர்க்கை முடிந்த இரண்டாவது வாரம், ஒரே அறையில், வங்கிக் கிளையிலிருந்து ஒருவர், யூஎம்ஐஎஸ் பொறுப்பாளர், உதவித்தொகைப் பிரிவு எழுத்தர். ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, அந்த ஆண்டு வாங்கிய வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, பள்ளியில் 6 முதல் 12 வரை படித்ததற்கான சான்று, இவற்றோடு மாணவர்கள் வர வேண்டும். கணக்கு இணைந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். டிசம்பரில் கண்டுபிடித்தால் அந்த ஆண்டுப் பணம் பெரும்பாலும் தாமதம்தான்.

பணம் தாமதமானால் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கும் வழக்கத்தைத் துறை வெளிப்படையாகத் தடுக்க வேண்டும். அரசு கொடுக்க வேண்டிய தொகைக்கு மாணவரைப் பிணை வைப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. "டிரெய்னிங் கட்டணம்", "சீருடைக் கட்டணம்" என்ற பெயர்களில் 7.5 ஒதுக்கீட்டு மாணவர்களிடமும் வசூலிக்கும் கல்லூரிகள் உண்டு. அந்தத் தொகைக்காகச் சனி, ஞாயிறுகளில் கேட்டரிங் வேலைக்குப் போய், இரவு இரண்டு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் ஏற்றிவிட்டுத் திங்கள் காலை இன்டர்னல் எழுத உட்காருகிறார்கள் மாணவர்கள்.

மென்டார் முறையைப் பற்றிச் சுருக்கமாக. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று எல்லாக் கல்லூரிக் கோப்பிலும் இருக்கிறது. தர ஆய்வுக்கு முந்தின இரவு, ஒரே பேனாவில் ஒரு பருவத்துக்கான சந்திப்புகள் எழுதப்படுவதும் எல்லாருக்கும் தெரியும். கோப்பை ஒழித்துவிட்டு மென்டாரிடம் மூன்று எண்களை மட்டும் கேளுங்கள்: நான்காம் வார வருகை சதவீதம், முதல் மதிப்பீட்டு மதிப்பெண், உதவித்தொகை வந்ததா இல்லையா. மூன்றில் இரண்டு சரியில்லாத மாணவரிடம் அந்த வாரமே உட்கார்ந்து பேச வேண்டும். அந்த ஒரு பேச்சுக்காக மென்டாரின் வாரப் பணியில் இரண்டு மணி நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள். ஏற்கெனவே வகுப்பு, சேர்க்கை வேலை, தேர்வு மேற்பார்வை என்று ஓடுகிறவரிடம் கூடுதலாகக் கேட்டால் கோப்புதான் கிடைக்கும்.

துறையிடம் கேட்பது மூன்று. ஒன்று, 2027 சேர்க்கைக்கு முன்பே, முதலாண்டில் பதினோராம் வகுப்புக் கணிதத்துக்கென 30 மணி நேர பிரிட்ஜ் வகுப்பைக் கட்டாயமாக்கும் சுற்றறிக்கை. இரண்டு, உதவித்தொகை நிலுவைக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தக் கூடாது என்ற எழுத்துப்பூர்வ உத்தரவு, மீறினால் மாணவர் எங்கே புகார் செய்வது என்ற விவரத்தோடு. மூன்று, பருவத் தேர்ச்சி விழுக்காட்டைக் கல்லூரிவாரியாக வெளியிடும்போது முதல் பருவத்தைத் தனியாகவும், 7.5 ஒதுக்கீடு, பொதுக் கலந்தாய்வு, துணைக் கலந்தாய்வு, நிர்வாக ஒதுக்கீடு என்று பிரித்தும் வெளியிடுவது. இந்தப் பட்டியல் கையில் இருந்தால் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம், பேனரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்காது.

முதல்வர்களிடம் கேட்பவை உங்கள் கையெழுத்திலேயே முடிபவை: கண்டறி தேர்வு, ஐந்து நாளில் திரும்பும் விடைத்தாள், முதல் பீரியடிலிருந்து இடம் மாறும் கணிதம், ஒரு நாள் வங்கி முகாம். டைம்டேபிள் அச்சாவதற்கு முன் இவற்றை முடிவு செய்துவிடுங்கள். அச்சான பிறகு ஒரு பீரியடை நகர்த்துவது எவ்வளவு பாடு என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
முதலாண்டு கணிதம், இயற்பியல் ஆசிரியர்கள் சிலர்